காது குத்து அன்றைக்கு ஒரு ரிலீஸ்

ரிலீஸ் இன்ஜினியர் என்று சொன்னால் கள்ளக்குறிச்சியில் எவனுக்கும் ஒரு மண்ணும் புரியாது. "எந்தப் படம் தம்பி ரிலீஸ் பண்றீங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். சென்னை கம்பெனியில் ஆளாளுக்கு எழுதுகிற புரோகிராமையெல்லாம் இங்கே வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒன்றாகச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, எல்லா டெஸ்ட்டும் பாஸாகிப் பச்சையாக வந்தால் 'அப்ரூவ்' என்ற பட்டனை அமுக்கி, மருந்துக் கடைக்காரர்களின் போனுக்கு அனுப்பி வைப்பதுதான் என் வேலை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் செழியன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டுப் போனால் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் ஞாபகம் வரும்.

அந்தப் பட்டனை அமுக்குகிற உரிமை கம்பெனியில் எனக்கு மட்டும்தான். முன்பு ஒரு தடவை யாரோ அவசரத்தில் அமுக்கிவிட்டு, கடைகளில் பில் போட முடியாமல் நாறிப் போனது. "ஒருத்தர் கையில மட்டும் இருக்கட்டும் சார்" என்று மேனேஜர் சிவசங்கரிடம் நானேதான் போய்ச் சொன்னேன். அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு நல்ல நாள் கிடையாது, பெரிய நாள் கிடையாது. கடைகளில் கூட்டம் குறைவு என்று ரிலீஸை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். அக்கா வளைகாப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றைக்கு மாடி அறையை விட்டு இறங்கவே முடியவில்லை.

அந்தக் குழந்தைக்குத்தான் காது குத்து. அக்கா சந்தியா போன் செய்தாள்.

"டேய் செழியா, இசைவாணிக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காது குத்தறோம். கரியாலூர் தாண்டி, அவங்க கொலசாமி கோயில்ல. நீ சீரு ஒண்ணும் எடுத்துக்கினு வர வேணாம். வந்து உக்காந்தா போதும்."

"வர்றேங்க்கா."

"இப்படித்தான் எப்பவும் சொல்ற. அப்பாவும் இல்ல, எனக்குன்னு நீ ஒருத்தன்தான். தாய்மாமன் வரலன்னா அவங்க சொந்தத்துல ஒருத்தர் மடியில உக்கார வெச்சிக் குத்திடலாம்னு என் மாமியார் இப்பவே சொல்லிக்கினு இருக்காங்க. அப்படி ஒண்ணு நடந்துச்சின்னா அந்த வூட்ல நான் எப்படிடா தலை நிமுந்து நடக்கறது?"

சிவசங்கரிடம் பேசினேன். மனிதர் தேனாகப் பேசுவார். "தாராளமா போயிட்டு வா செழியன். விடியறப்பவே ரிலீஸை முடிச்சிட்டுக் கிளம்பு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அமுக்கப் போகிற நேரத்தில் சிவசங்கரிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரே ஒரு சின்ன மாற்றமாம், அதையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். சின்ன மாற்றமோ பெரிய மாற்றமோ, எல்லா டெஸ்ட்டையும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதில் ஒரு டெஸ்ட் இருக்கிறது, சனியன். நெட்வொர்க் கொஞ்சம் மந்தமானால் காரணமே இல்லாமல் சிவப்பாகிவிடும். அது பொய்ச் சிவப்பு என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சரி செய்யத்தான் ஒருத்தருக்கும் நேரம் இல்லை. மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும், செழியன் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கும் சிவப்பானது.

அம்மா முந்தின நாளே வேனில் போய்விட்டாள். நான் டெஸ்ட்டை மறுபடி ஓடவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். கச்சிராயப்பாளையத்தில் நிறுத்திப் பார்த்தேன், சென்னை சர்வரில் டெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மலையேறும் வழியில் மரவள்ளி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தேன். வெள்ளிமலையில் பார்த்தால் மறுபடி சிவப்பு. நடுரோட்டில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். டெஸ்ட்டுக்கு அது கேட்கவா போகிறது.

கரியாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு. கோயில் அதற்குக் கீழே பள்ளத்தில், மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மேட்டோடு சிக்னல் சரி, பள்ளத்தில் இறங்கினால் போன் செத்துவிடும். அங்கேயே ஒரு பாறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, போனிலிருந்து நெட் கொடுத்து, மறுபடி ஓட்டிவிட்டு உட்கார்ந்தேன். கீழே பம்பை அடிக்கிற சத்தம் கேட்டது. பொங்கல் வைக்கிற புகை தெரிந்தது. நடந்து போனாலே எட்டிவிடுகிற தூரம். ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடிக்காமல் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு, மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அழுகையாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கீழேயிருந்து ஒரு டிவிஎஸ் ஏறி வந்தது. அக்கா வீட்டுக்காரர் வீரமுத்து மாமா. கரும்பு போடுகிறவர், அதிர்ந்து பேசமாட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"இன்னா மச்சான், இங்க உக்காந்துகினு இன்னா பண்ற?"

"இது பச்சையாவணும் மாமா. ஆனதும் ஒரு பட்டனை அமுக்கிட்டு வந்துடறேன்."

"எப்ப ஆவும்?"

"தெரியலீங்க."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "எமகண்டம் பொறக்கறதுக்குள்ள குத்தணும்னு பூசாரி கத்திக்கினு இருக்காரு. எங்க சித்தப்பா மவன் சந்தனம் பூசிக்கினு ரெடியா உக்காந்துட்டான். உங்க அக்கா மரத்தாண்ட போய் நின்னு அழுதுகினு இருக்கா."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்டன் தானே? நான் அமுக்கறேன். நீ கீழ போ."

"மாமா, வேற ஆள் தொட்டது தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"யார் சொல்லப் போறாங்க? நானா, இந்தப் பாறையா?"

"நீங்க பெத்தவர் மாமா. நீங்க இல்லாம எப்படி?"

"பெத்தவன் சும்மா பக்கத்துல நிக்கறவன்தான். நான் இல்லன்னா யாரும் கேக்கமாட்டாங்க. நீ இல்லன்னா உங்க அக்காவைத்தான் கேப்பாங்க. எழுந்திரு."

எழுந்தேன். பச்சை வந்தால் எந்தப் பட்டன் என்று காட்டினேன். சிவப்பு வந்தால் எதையும் தொட வேண்டாம் என்றேன். விட்டால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும், என் விரல் வைத்தால்தான் திறக்கும், அதனால் திரை மங்கும்போதெல்லாம் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். நெட் கொடுக்கிற போனையும் பாறையிலேயே விட்டேன். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, லேப்டாப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கீழே நான் ஓடிவந்ததைப் பார்த்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா மகன் எழுந்து இடம் விட்டான். "ஒருவழியா கம்ப்யூட்டரு லீவு குடுத்துதா?" என்று அக்காவின் மாமியார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இசைவாணியை என் மடியில் வைத்தார்கள். அவள் என்னை அதிகம் பார்த்ததில்லை, ஆனாலும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பம்பையை வேகமாக அடித்தார்கள். முதல் காதில் குத்தியதும் அவள் அலறியது என் நெஞ்சுக்குள் இறங்கியது. இரண்டாவது காதுக்கு அவள் தலையை நான் பிடித்துக்கொண்டேன். "இவ அப்பா எங்க?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாமா சொன்னது சரிதான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறினேன். மாமா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் நேராக அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு விரல் லேப்டாப் மேலேயே இருந்தது.

"பச்சை வந்துச்சி, அமுக்கிட்டேன். ஏதோ ஓடிச்சி, அப்பறம் நின்னு போச்சி. சரியா பாரு."

பார்த்தேன். எல்லாக் கடைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"சரியா போயிருக்கு மாமா."

அவர் கால்களை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "பம்பையை வேகமா அடிச்சாங்களே, அப்பதானே குத்துனாங்க?"

"ஆமாங்க."

"அப்பதான் இங்கயும் பச்சை வந்துச்சி. ரொம்ப அழுதாளா?"

"முதல் காதுக்குத்தான் மாமா. அப்பறம் கொஞ்சம் அடங்கிட்டா." பொய் சொன்னேன்.

பாறையில் இருந்த போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன். சிவசங்கர். 'சூப்பர் செழியன்! மலையிலிருந்தே முடிச்சிட்டியே. சிக்னல் இல்லைன்னு இவ்வளவு நாள் பயந்தோம். இனிமே நீ விசேஷம் எதையும் மிஸ் பண்ண வேண்டாம், எங்க இருந்தாலும் இதே மாதிரி பாத்துக்கலாம். தீபாவளி அன்னிக்கு ஒரு ரிலீஸ் இருக்கு. ஓகேவா?'

"இன்னா சொல்றாரு உங்க ஆபீசரு?" என்றார் மாமா.

"இனிமே எல்லா விசேஷத்துக்கும் இதே மாதிரி பண்ணிக்கலாமாம்."

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "அடுத்த தடவை வேற ஆளைப் பாத்துக்கோ மச்சான். நான் என் பொண்ணு பக்கத்துல இருக்கணும்."

அதற்குள் என் விரல் 'ஓகே சார்' என்று அனுப்பி முடித்திருந்தது.