கண்ணைச் சிமிட்டவும்

சலவைக்கடைத் தங்கச்சி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். கடை அவள் அண்ணனுடையது. அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் 'நாளைக்கு'. துணி எங்கே என்றால் நாளைக்கு. வாங்கிய கைமாற்று எங்கே என்றால் அதுவும் நாளைக்கு. அப்பேர்ப்பட்டவன் சாவை மட்டும் தள்ளிப் போடவில்லை. போன வருஷம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே மாரடைத்துச் சாய்ந்துவிட்டான்.

வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்தது அவனுடைய எண் ஒன்றுதான். அதனால் அவன் போனையே தங்கச்சி எடுத்துக்கொண்டாள். அவன் வைத்துவிட்டுப் போன கடன்களை அதன் வழியாகவே அடைத்தாள். கரண்ட் பில்லைக் கெடுவுக்கு முன்பே கட்டினாள். 'நாளைக்கு இருக்கானா?' என்று கேட்பவர்களுக்கும் முகம் கோணாமல் பதில் சொன்னாள். தன் பெயரில் ஓர் எண் வாங்க வேண்டும் என்று மட்டும் அந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை.

இப்போது பெரிய சலவை இயந்திரம் மண்டையைப் போட்டுவிட்டது. திங்கட்கிழமைக்குள் புதுசு வராவிட்டால் விடுதிக்காரர் படுக்கை விரிப்புகளை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார். அது போனால் கடைக்குப் பூட்டுதான். போன் வழியாகக் கடன் கொடுக்கும் கம்பெனியில் தன் பெயரில் கடன் கேட்டாள், கிடையாது என்றார்கள். நேரிலேயே போனாள்.

"உங்களைப் பத்தி எங்ககிட்ட ஒண்ணுமே இல்லம்மா," என்றார் கடன் அதிகாரி. "பணக்காரன், ஏழைன்னு கம்ப்யூட்டர் பாக்காது. போன்ல ஆளோட பழக்கத்தைத்தான் பாக்கும். ஓரவஞ்சனையே கிடையாது."

"அந்தப் பழக்கம் பூரா என்னோடது சார்! ஒரு வருஷமா நான்தான் கட்டுறேன்!"

"போன் உங்க அண்ணன் பேர்ல இருக்கே. அவர் இறந்ததைப் பதிஞ்சுட்டு, உங்க பேர்ல புதுசா ஆரம்பிங்க. கம்ப்யூட்டர் ஆறு மாசம் பாத்துட்டுச் சொல்லும்."

"திங்கக்கிழமைக்கு வேணும் சார்."

"என் கையில ஒண்ணும் இல்லம்மா," என்றார். பாவம், அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது.

சாயங்காலம் வீட்டில் அண்ணனின் போனில் டிங்கென்று ஒரு செய்தி வந்தது. அம்மா கேட்டாளே என்று தங்கச்சி வாசித்துக் காட்டினாள்: 'வாழ்த்துகள் ஐயா! கடந்த ஓராண்டில் உங்கள் பழக்கங்கள் வெகுவாக மாறியுள்ளன. நீங்கள் நம்பிக்கைக்கு உரியவர். உங்களுக்கான கடன் தயார்.'

"இன்னொரு தடவை படி," என்றாள் அம்மா. படித்ததும் அவள் கண் கலங்கியது. "உசுரோட இருந்தப்ப எம்புள்ளைய ஒருத்தராச்சும் நம்புனாங்களா? இப்பப் பாரு, திருந்திட்டான்."

"அம்மா, அது நான்மா."

அம்மா காதில் விழவில்லை. தங்கச்சிக்கு வயிறு எரிந்தது. ஓடாய்த் தேய்ந்தது ஒருத்தி, நல்ல பேர் செத்தவனுக்கா?

ஆத்திரத்தோடு 'சம்மதம்' என்பதை அழுத்தினாள். முகத்தைக் காட்டச் சொன்னது. தன் முகத்தைக் காட்டினாள். பொருந்தவில்லை என்றது. செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை கண்முன்னே நின்றது. சுவரிலிருந்த அண்ணன் படத்தைக் கழற்றிப் போனுக்கு எதிரே பிடித்தாள்.

வட்டம் பச்சையானது. 'முகம் பொருந்துகிறது. உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய, கண்ணைச் சிமிட்டவும்.'

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான், துணி கேட்டு வருபவர்களிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. 'கண்ணைச் சிமிட்டவும்,' என்று போன் மறுபடி கேட்டது. தான் போனைப் பார்க்கவில்லை, படத்தின் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று படத்தை இறக்கப் போனாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது.

"இரு, எடுக்காத," என்றாள். "சொன்ன உடனே எதையாவது செய்யுற புள்ளையா அவன்? கொஞ்சம் பொறு."