ஏணியின் வலது கால்

பெயிண்டரை எல்லாரும் 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு உயரம். போதாததற்குப் பாதி ஆயுள் ஏணிமேலேயே கழிந்திருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். கட்டைவிரல் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே போனது. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"உங்க இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து, கால்ல ஊசியா போடுவோம். புது ரத்தக்குழாய் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். இது இன்னும் சோதனையிலதான் இருக்கு."

"வேற யார் செல்லும் கலக்க மாட்டீங்களே?"

"மாட்டோம். முழுக்க உங்களோடதுதான்."

"அப்போ போடுங்க. கலப்படமில்லாத சரக்கு!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெயிண்ட் வாங்க வந்த நெனப்பு!"

ஊசி போட்டு வாரங்கள் ஓடின. ஒரு மாற்றமும் இல்லை. ஏணிக்கு மனசு விட்டுப்போனது.

"என் செல்லும் சோம்பேறி போலிருக்கு."

புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நீங்க என்னிக்குச் சோம்பேறியா இருந்தீங்க? சுவரை முடிக்காம கீழே எறங்கின ஆளா? அதுவும் உங்களோடதுதானே, வேலையை முடிச்சிட்டுதான் ஓயும்."

மாசம் திரும்புவதற்குள் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் எட்டிப்பார்த்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அடைத்த குழாயைச் சுற்றி, தலைமுடி மாதிரி மெல்லிய கிளைகள் திரையில் தெரிந்தன. டாக்டரம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் இப்படி வரலைங்க. உங்களுக்கு வந்திருக்கு."

வராந்தாவின் கடைசிவரை போய், எங்கும் நிற்காமல் திரும்பி வந்தார் ஏணி. நர்சுகள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். அவருக்கு மார்பு ஒரு சாண் விரிந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் பெருமை ஓயவில்லை. "டாக்டரம்மா மூளை பாதி, என் எலும்பு மீதி. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின ஆராய்ச்சியாக்கும்!"

மனைவி அவர் காலையே பார்த்தபடி கூட நடந்தாள். கண் கலங்கியதை முந்தானையில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

"ஆராய்ச்சியாளரே, கொஞ்சம் நில்லுங்க. நம்ம வீட்டைத் தாண்டி ரெண்டு தெரு வந்தாச்சு."