தம்பியின் வலக்கை

எங்கள் சிகிச்சைக் கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஒரு ரோபோ நிற்கிறது. நாள்தோறும் அதைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, பிள்ளைகளுக்கு எதிரே நிறுத்துவது என் பணி. அது கையை உயர்த்தினால் எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் உயர்த்த வேண்டும். அதற்குப் பின்னாளில் தம்பி என்று பெயரிட்டவள் சிட்டு.

சிட்டுவுக்கு வயது ஏழு. பிறந்தது முதல் அவளுடைய வலக்கை துவண்டே கிடந்தது. அவளை அழைத்துவரும் தந்தை லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கிடுறேன்க்கா. இந்த ஒரு கைதான் எனக்கு மசிய மாட்டேங்குது" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தோள் உயரத்தில் சுவரில் ஒரு சிவப்பு நாடா ஒட்டுவோம். நான்கு மாதங்களுக்குள் அதைத் தொட்டுவிடும் பிள்ளைக்கு மேலும் ஓராண்டு சிகிச்சை கிடைக்கும். தொடாத பிள்ளை, காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்கு இடத்தை விட்டுவிட வேண்டும். விதி அவ்வளவே.

முதல் இரண்டு மாதங்கள் சிட்டு தம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது தலைக்கு மேலே கையை உயர்த்தும்போதெல்லாம் அவள் சன்னலைப் பார்த்தாள். மூன்றாம் மாதத்தில் தம்பியின் வலக்கை தளரத் தொடங்கியது. மார்பளவு எழும், நடுங்கும், மெல்லிய முனகலோடு கீழே இறங்கிவிடும். அன்றுதான் சிட்டு திரும்பினாள்.

"தம்பிக்கும் கை வராதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வராது போலிருக்கு, கண்ணு" என்றேன்.

அவள் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். மெதுவாகத் தூக்கு, அவசரப்படாதே என்று அதற்குப் புத்தி சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் தானே தூக்கிக் காட்டினாள். அதன் கை மார்பளவில் நின்றுவிட, இவளுடையது அதையும் தாண்டியது. நாடாவைத் தொட முதலில் ஒரு சாண் தேவைப்பட்டது. பிறகு நான்கு விரல். பிறகு இரண்டு விரல். கெடு முடிய இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன.

பணியில் குறை வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே பழுதுப் பதிவேட்டில் இவ்வாறு எழுதினேன்: "ரோபோவின் வலக்கை முழுமையாக உயரவில்லை. பிள்ளைகளுக்குத் தவறான பயிற்சி நேராதிருக்க, விரைந்து சரிசெய்ய வேண்டுகிறேன்." இரண்டு முறை படித்துப் பார்த்தேன், பிழை ஏதும் தென்படவில்லை. சிகிச்சையாளரும் படித்துப் பாராட்டிக் கையொப்பமிட்டார். மறுநாள் பிற்பகலில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பழுது பார்ப்பவர் வந்து மோட்டாரை மாற்றிச் சென்றார்.

அடுத்த நாள் காலை தம்பி வலக்கையைத் தலைக்கு மேலே, ஓசையின்றி, ஒரே வீச்சில் உயர்த்தியது. சிட்டு நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா?"

"ஆமாம்மா. நேத்து புது மோட்டார் மாத்தினாங்க."

"எனக்கு எப்போ மாத்துவாங்க?"

அவள் இடக்கையால் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பின் அந்தக் கை எழவில்லை. பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, பழைய மோட்டாரையே திரும்பப் பொருத்த இயலுமா என்று கேட்டேன். அது குப்பைக்குப் போய்விட்டது என்றார். "நல்லா ஓடுறதைக் கெடுத்துக் குடுங்கன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்க்கா" என்று சிரித்தார். சிகிச்சையாளர் தம்பியின் கையை மார்பளவோடு நிற்கும்படி கணினியில் மாற்றிப் பார்த்தார். சிட்டு ஒரு முறை பார்த்துவிட்டு, "நடிக்குது" என்றாள். மீண்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வு நாளன்று சிகிச்சையாளர் ஐந்து நிமிடங்களுக்குப் பதிலாகப் பதினைந்து நிமிடங்கள் காத்திருந்தார். பிறகு தாளில் 'தொடவில்லை' என்று எழுதினார். தந்தை கீழே குந்தி மகளுக்குச் செருப்பு வாரை மாட்டினார். அவர் எதிரே நின்ற நான், பதிவேட்டில் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. அந்த மோட்டார் தேஞ்சது, சத்தம் கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் தலை நிமிராமல்.

"அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிடுவீங்களே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாசலைக் கடக்கும் பிள்ளைக்குக் கையசைக்கும்படி தம்பி பழக்கப்பட்டுள்ளது. அது வலக்கையை உயர்த்தி அசைத்தது. சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பிள்ளை அவளைவிடச் சற்றுக் குட்டை. நான் சுவரிலிருந்த நாடாவை உரித்து, நான்கு விரல் கீழே ஒட்டினேன்.