ஹார்ட்லி கல்லறைக்குப் போகும் கானா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண் கானா பாடிக்கொண்டிருந்தாள். நன்றாகப் போன பாட்டு திடீரென்று பாதியில் நின்றது, டோலக்கும் நின்றது. ஏன் என்று கேட்கலாம் என்றால் எனக்கு பஸ் வந்துவிட்டது. காரணம் தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

முதல் தொடக்கம்: “வங்கக் கடல் அன்று வழக்கத்தைவிட” (வேண்டாம். வட சென்னை என்றாலே கடலையும் கண்டெய்னர் லாரியையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம்.)

இரண்டாவது: “செங்கொடிக்குப் பூனைக்கண்” (இதுவும் வேண்டாம். செங்கொடி அந்தப் பாடிய பெண். கலப்பு ரத்தம் என்றதும் கண்ணைப் பார்க்கிற புத்தி! அவளுக்கு இருப்பது சாதாரணக் கறுப்புக் கண். அழுது சிவந்திருந்தது, அவ்வளவுதான்.)

2

செத்தவர் செங்கொடியின் அப்பா, பெனிட்டோ ஹார்ட்லி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சங்கத்து ஆள். மகளுக்கு வைத்த பேரிலேயே அது தெரியும். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், ஊர் வாயில் சட்டைக்காரர்கள். அவர் கட்டிக்கொண்டது காசிமேட்டு மீனவர் வீட்டுப் பட்டம்மாளை.

செங்கொடி சாவு வீடுகளில் கானா பாடுகிறவள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. செத்தவரின் வம்சத்தைக் கேள்வி கேள்வியாகப் பாடிக்கொண்டே மேலே போவாள். பேரை அவள் சொல்லமாட்டாள். கூடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹார்ட்லி வம்சத்தின் உச்சியில், துறைமுகம் கட்ட வந்த ஒரு துரை இருந்தார். பெங்களூர் வெள்ளைக்காரி ஒருத்தியைக் கட்டினார் என்பது குடும்பத்துப் பேச்சு. பெனிட்டோ மகளிடம் சொன்னது வேறு. துறைமுகத்துக்குக் கல் கொட்டிய காலத்தில் கூடை சுமந்த ஒருத்தியைத் துரை பங்களாவுக்குக் கூட்டிப்போனார். பிள்ளை பிறந்தது. துரை கப்பலேறினார். பிள்ளைக்கு அவர் பேர் ஒட்டிக்கொண்டது. அவள் பேர் யாருக்கும் தெரியாது.

“நான் பூட்டா, ஒம் பாட்டுல அவள வுட்றாத பாப்பா” என்று பெனிட்டோ கேட்டிருந்தார். சரி என்று மகளும் சொல்லியிருந்தாள்.

3

இப்போது டோரின், பெனிட்டோவின் அக்கா. (முதல் பிரதியில் அவளுக்குப் பவுடரும் தொப்பியும் கொடுத்து, இங்கிலீஷில் பேசி மூக்கைச் சுளிக்க வைத்தேன். எழுத ரொம்பச் சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.)

குடும்பக் கல்லறையில் யாரைப் புதைக்கலாம் என்பது டோரின் வாயில்தான் இருக்கிறது. காலையிலேயே குழி வெட்டியாயிற்று. பெனிட்டோவின் மூத்த பிள்ளை, மூன்று வயதில் போனவன், அங்கேதான் கிடக்கிறான்.

செங்கொடி தொண்டையைச் செருமியதும் டோரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னா வேணா பாடு. அந்தக் கூடைக்காரிய மட்டும் இஸ்துகினு வந்தே, குழிய மூட சொல்டுவேன்.”

“ஏன் ஆன்ட்டி, அது பொய்யா?”

“பொய்யா இருந்தா எனக்கு இன்னாடி பயம்? நான் கறுப்புன்னு ஸ்கூல்ல என்னய கூடைக்காரின்னுதான் கூப்டாளுங்கோ. தெருவுக்கு வந்தா சட்டைக்காரின்னானுங்கோ. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அந்தக் கூடைய எறக்கி வைக்க எனக்கு ஒரு ஆயுசு ஆயிருக்கு. நீ எட்த்து மறுபடி என் தலைல வெக்காத.”

(இதை எழுதியபின் டோரினை என்னால் வெறுக்க முடியவில்லை. கதைக்கு இது நஷ்டம்தான்.)

பட்டம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாண்டி பாப்பா. அவரு புள்ளகிட்ட போயி படுக்கட்டும். செத்த மன்ஷனுக்குப் பாட்டா பெருசு?”

பாடினால் அப்பாவுக்குப் பிள்ளை பக்கத்தில் இடமில்லை. பாடாவிட்டால் அப்பாவிடம் சொன்ன சொல் போயிற்று.

4

கூடைக்காரிக்கு நானே ஒரு பேர் கொடுத்து, கூடைப் பேச்சே இல்லாமல் அவளைப் பாட்டில் சேர்த்து, எல்லோரையும் காப்பாற்றலாம் என்று பார்த்தேன். முனியம்மா என்று எழுதி அடித்தேன். எல்லம்மா என்று எழுதி அதையும் அடித்தேன். பெனிட்டோ சொன்ன இன்னொரு விஷயம் குறுக்கே வந்தது. துரை அவளை மேரி என்று கூப்பிடுவாராம். அவளை மட்டுமல்ல, பங்களாவில் வேலை செய்த பெண்கள் எல்லோரையுமே மேரி என்றுதான் கூப்பிடுவாராம்.

தன் வசதிக்கு ஒருத்திக்குப் பேர் வைப்பது துரை செய்த வேலை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது, என் மேலேயே.

ஆகவே என்னிடம் பேர் இல்லை.

5

வேன் வாசலுக்கு வந்துவிட்டது. அவளோடு வாசிக்கிற தவசிமுத்து டோலக்கைத் தட்ட, செங்கொடி பாட்டை எடுத்தாள்.

“கிரேனு மேல குந்திகினு கப்பல் சரக்க தூக்குன நைனா,
ஆறடிப் பொட்டிக்குள்ள எப்புடிதான் அடங்குன நைனா?
உன்னப் பெத்தவன் யாரு நைனா?”

“எட்வின்!” என்றது கூட்டம்.

“எட்வினப் பெத்தவன் யாரு நைனா?”

“ஆல்பர்ட்டு!”

“ஆல்பர்ட்டப் பெத்தவன் யாரு நைனா?”

“ஹார்ட்லி தொர!”

டோரினும் சேர்ந்துதான் சொன்னாள். பாட்டு இங்கேயே முடிந்திருக்கலாம். முடியட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். செங்கொடி, தன் அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“கல்லுக்கூடை சொமந்துகினு தொரைக்குப் புள்ள பெத்தவ,
அவ பேரு இன்னா நைனா?”

டோலக் நின்றது.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் டோரின் குழியை மூடச் சொல்கிறாள். பெனிட்டோ பிள்ளையை விட்டு வேறெங்கோ போகிறார். இன்னொன்றில், அழுகையில் தொண்டை அடைத்ததுபோல் நடித்துச் செங்கொடி பதில் வாங்காமலே அடுத்த அடிக்குப் போய்விடுகிறாள், டோரினும் விட்டுவிடுகிறாள். அப்பா பிள்ளையோடு படுக்கிறார், சொல்லைப் பாதியில் விட்ட மகள் அதற்குப்பின் பாடுவதில்லை. மூன்றாவதில், அந்தப் பேர் டோரினுக்குத் தெரியும். இத்தனை காலம் அந்தக் கூடையைச் சுமந்தவள் அவள்தானே. எனக்கு ஆசையெல்லாம் இதன்மேல். ஆசையாக இருப்பதாலேயே எழுதப் பயமாக இருக்கிறது.

பட்டம்மாள் பெட்டியின்மேல் கை வைத்திருக்கிறாள். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். டோரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எனக்கு பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டேன். நீங்கள் இன்னும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். டோரின் வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள்?