கிண்ணம் ஊற்றும் நிலாமுகம்

எனக்குக் கவிதை வராது. விருப்பத்தை வாயால் சொல்லவும் வராது. மேர்சியைக் கட்டி நான்கு மாதத்தில் மன்னாரை விட்டு ஓடிவந்தவன் நான். ஓல்போர்க் என்ற டெனிஷ் நகரத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், 1987 சித்திரையில், அவளை அழைக்க விண்ணப்பம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு எழுதிய கடிதமெல்லாம் ஒரே அச்சு. நான் சுகம். நீ சுகமா? விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

பரிசீலனையில்! இந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில் எத்தனை தரம் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் ஒருவருடைய மனைவிகூட வந்து சேரவில்லை. ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஆண்டு ஆடியில் மேர்சியின் கடிதம் வந்தது.

“உங்கட கடிதமும் கந்தோர்க் கடிதம் மாதிரித்தான் கிடக்கு. என்னில விருப்பம் இருக்கோ இல்லையோ எண்டு ஒரு வரி இல்லை. அண்ணை என்னை இந்தியாவுக்குப் போற வள்ளத்தில ஏத்தப் பாக்கிறார். ஏறினன் எண்டால் பிறகு என்னைத் தேடாதேங்கோ.”

சாப்பாட்டு இடைவேளையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் பரிபோர்ஸ். ஷிராஸிலிருந்து தப்பி வந்தவன். என்னோடு மீன் வெட்டுபவன். தலை முழுக்க வழுக்கை, அதற்கு ஈடுகட்டத் தடித்த மீசை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாரசீகக் கவிதைப் புத்தகம் ஒன்றைத் தினமும் கொண்டு வருவான். வாசிப்பான், கண் கலங்குவான், மூக்கைச் சீறிவிட்டு மறுபடி கத்தியை எடுப்பான். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை டெனிஷ் மட்டும். அதில் கடித விசயத்தைச் சொன்னேன்.

“நான் சுகம் என்றா எழுதினாய்?” என்று தலையில் அடித்துக்கொண்டான். “எங்கள் கவிதையில் காதலன் சுகமாக இருந்தால் அவன் காதலனே இல்லை. அவன் எரிய வேண்டும். தெருவில் கிடக்க வேண்டும்.”

“நான் எரியவில்லை. மீன் வெட்டுகிறேன்.”

“உள்ளே?”

உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்று இடைவேளைகள் சேர்ந்து எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல நான் தமிழில் போட்டேன். ‘உன் நினைவு என்னை மதுச்சாலை வாசலில் கிடத்திவிட்டது. கிண்ணம் ஊற்றும் நிலாமுகம் உன் பெயரைச் சொல்ல, விடியுமட்டும் குடிக்கிறேன். ஊர் பழித்தாலும் எழும்பமாட்டேன்.’ இந்த மது கடையில் விற்பதல்ல, ஏக்கம் என்று பரிபோர்ஸ் சொன்னான். வீடு இல்லாதவர்கள் மனத்தால் கட்டிக்கொள்ளும் வீடுதான் மதுச்சாலையாம். எனக்கு நன்றாக விளங்கியது. கடிதத்தில் அந்த விளக்கத்தை மட்டும் எழுதவில்லை.

“உன் மனைவிக்கும் இப்படித்தான் எழுதுவாயா?” என்று கேட்டேன்.

“மூன்று வருடமாக. என் கவிதையில் அவள் தினமும் வருகிறாள்,” என்று சொல்லிப் புத்தகத்தைச் சுற்றி வைத்தான்.

மேர்சியின் தகப்பன் குடித்துக் குடித்தே வள்ளத்தை விற்றவர். மடையன் எனக்கு அது கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. பெட்டிக்குள் கை நுழையுமா என்றுகூடப் பார்த்தேன்.

ஏழு கிழமை பயந்து செத்தேன். பதில் வந்தது.

“அப்பாவைப் பாத்தது காணாதெண்டு நீங்களும் வெளிக்கிட்டிட்டியளோ? விடியுமட்டும் ஊத்தித் தாற அந்த நிலாமுகம் ஆர்? வள்ளத்தில நான் ஏறேல்லை. அண்ணைக்குச் சொல்லிப்போட்டன். நான் அங்கதான் வாறன். வந்து அந்தக் கடையையும் அவளையும் பாக்கத்தான் வேணும்.”

வாசித்துவிட்டுத் தொழிற்சாலைக் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோசம். உடனே உண்மையை விளக்கி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கோபம் அவளை அங்கே பிடித்து வைத்திருந்தது. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. குடிப்பதில்லை என்று மட்டும் எழுதினேன். அவள் நம்பவில்லை.

அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி என் பங்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொலிஸ் கந்தோருக்குப் போனேன். மழையிலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். பரிசீலனையில் என்றார்கள், சரி, அடுத்த திங்கள் வருகிறேன் என்றேன். என் தலையைக் கண்டாலே கோப்பைத் தேடாமல் பதில் சொன்னார்கள். நானும் விடவில்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை ஏன் முடக்கி வைத்தார்கள் என்று மேலிடத்தில் கேள்விகள் எழும்பின. எங்கள் ஆட்களின் கோப்புகள் மெல்ல அசைந்தன. 1989 மார்கழியில் மேர்சி வந்தாள்.

விமான நிலையத்தில் நான் கையை நீட்டினேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

“ஊதுங்கோ.”

“என்ன?”

“வாயை ஊதுங்கோ எண்டிறன்.”

ஊதினேன். கிட்ட வந்து மணந்து பார்த்தாள். “மீன்தான் மணக்குது,” என்றாள். அதற்குப் பிறகுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, “அவள் எங்கை?” என்றாள்.

காரோடு வந்து, கையில் ஒற்றைப் பூவுடன் நின்ற பரிபோர்ஸைக் காட்டினேன். “இவர்தான் நிலாமுகம். கடிதத்தில இருந்த வரியெல்லாம் இவர் சொன்னதுதான்.”

மேர்சி அந்த வழுக்கையையும் மீசையையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காரில் போகும்போது, பரிபோர்ஸின் மனைவியும் ஊரில்தான் என்றேன். அவர் எப்போது வருவார் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பரிபோர்ஸ் சாலையைப் பார்த்தபடி, தான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்றான். விண்ணப்பித்து, அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் பிறகு கவிதையிலும் வரமாட்டாளாம்.

நான் தமிழில் சொன்னேன்.

“அவரிட்டச் சொல்லுங்கோ,” என்றாள் மேர்சி. “நானும் வராமல் விட்டிருப்பன். அவரின்ர வரியள்தான் என்னை மறிச்சது. மனிசிக்கு எழுதினது காணும், இனி அந்தப் படிவத்தை நிரப்பட்டும். திங்கட்கிழமை கந்தோருக்கு மூண்டு பேருமாப் போவம்.”