மஞ்சளுக்கு அணையாது

புற ஊதா விளக்கில் பிடித்தால் என் காகிதப் பட்டை சிவப்பாக ஒளிரும். அதில் பூசியிருப்பது யூரோப்பியம் என்ற உலோகத்தின் சேர்மம். வெடிமருந்தாகப் பயன்படும் பிக்ரிக் அமிலம் துளி பட்டாலும் அந்தச் சிவப்பு அணைந்துவிடும். என் நான்கு வருட ஆராய்ச்சி அதுதான்.

வியாழக்கிழமை காலை, பிக்ரிக் அமில பாட்டிலை அலமாரியில் காணவில்லை. குரோம்பேட்டைக் கல்லூரியின் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, பெருக்கித் துடைக்கும் கனகவல்லியக்கா வாளியோடு வந்தார். அவர் உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. பிக்ரிக் அமிலமும் தோலில் மஞ்சளாகத்தான் ஒட்டும்.

"அக்கா, கையைக் காட்டுங்க."

என் குரலில் இருந்த அதிகாரம் அப்போது எனக்குப் பிடித்திருந்தது. நினைத்தால் கூசுகிறது.

அவர் கையில் பட்டையைத் தேய்த்து விளக்கில் பிடித்தேன். சிவப்பு அணைந்தது.

"இன்னா மேடம், மஞ்சள்தூளு அது! நேத்து பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு நலங்கு. நான்தான் பூசுனேன்."

"மஞ்சளுக்கு இது அணையாது" என்றேன்.

சோப்பு, உப்பு, வியர்வை, சென்ட் எல்லாம் சோதித்திருந்தேன். மஞ்சளைச் சோதித்ததே இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். தேடலுக்கு வந்திருந்த காவலாளி, அக்காவின் பையை மேஜையில் கவிழ்த்தார். டிபன் டப்பா, சீப்பு, நலங்கு வீட்டில் கொடுத்த வெற்றிலை பாக்கு.

பதினொரு மணிக்கு பாட்டில் கிடைத்தது. என் வழிகாட்டி சூர்யநாராயணன் சாரே அதை வேறு பீரோவில் பூட்டிவைத்து மறந்திருந்தார்.

"ஆனா அந்தம்மா எங்கேயோ தொட்டிருக்கா. உன் சென்சார் பொய் சொல்லாதில்லையா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, கை கழுவி, யாருமில்லாதபோது, மஞ்சளேறிய என் விரலில் பட்டையைத் தேய்த்தேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும்.

மாடிப்படியடியில் துடைப்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தார் அக்கா. மெல்லிய குரலில் சொன்னேன்: "மஞ்சள்தான் அக்கா. என் தப்பு."

அவர் நிமிரவில்லை. "எல்லாரும் கீறப்போதான கையப் புட்ச்ச? இத மட்டும் இங்க வந்து சொல்ற."

அவர் பேச்சில் 'மேடம்' போய்விட்டிருந்தது. அது சரிதான்.

"மேல வாங்கக்கா" என்றேன்.

எல்லோரையும் கூப்பிட்டு விளக்கைப் போட்டேன். "என்னம்மா, புது டெமோவா?" என்றார் சார். அக்கா கதவோரம், கைகளை முந்தானைக்குள் வைத்தபடி நின்றார். பட்டையை என் விரலில் தேய்த்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.