காகிதப் பாலமும் நான்கு பேரும்

ஒன்பதாம் வகுப்பில் அன்று புத்தகத்துக்கு ஓய்வு. பழைய நாளிதழ்களைச் சுருட்டி, மைதாப் பசை போட்டு ஒட்டி, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு பாலம் கட்ட வேண்டும். அதிகச் செங்கல் தாங்கும் பாலம் கிருஷ்ணகிரி அறிவியல் கண்காட்சிக்குப் போகும், கூடவே அந்தக் குழுவின் லீடரும் போகலாம் என்று ஆசிரியர் சென்னகிருஷ்ணன் சொல்லியிருந்தார். ரஞ்சிதாவுக்கு அந்தக் கண்காட்சியின் மேல் கொள்ளை ஆசை. ஓசூருக்குக் குடிவந்த நாளிலிருந்து வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் தவிர அவள் எதைக் கண்டாள்?

ஆனால் அவள் குழுவுக்கு லீடர் பிரதாப். தன்னைத் தானே நியமித்துக்கொண்ட லீடர். அவன் அப்பா கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால், பிள்ளையும் ஸ்கேலை நீட்டிக்கொண்டு அதே மிடுக்கோடு நின்றான். ரஞ்சிதா சுருட்ட வேண்டும், மாதேஷ் பசை தடவ வேண்டும், சுவாதி கட்ட வேண்டும். அடியில் முக்கோணமாகச் சுருள் கொடுத்தால்தான் நிற்கும் என்று பேரிகை ஊர்க்காரனான மாதேஷ் தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிப் பார்த்தான். சொன்னதை மட்டும் செய் என்று பிரதாப் அவன் வாயை அடைத்துவிட்டான்.

பாலம் நடுவில் தொய்ந்தது. மாதேஷ் பசை தடவிய லட்சணம் இது என்று பிரதாப் கத்தினான். ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் இருந்த சுருளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவாதியும் உட்கார்ந்தாள், மாதேஷும் உட்கார்ந்தான். ரஞ்சிதா பிரதாப்பை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"பசை சரியாத்தான் இருக்குது. உன் கைதான் இன்னும் இதுல படல. நீயும் வந்து புடி, மாதேஷ் சொல்றதக் கேளு. இல்லன்னா இது இப்பிடியே கெடக்கட்டும்."

பிரதாப் முறைத்தான். யாரும் அசையவில்லை. சுற்றிலும் மற்றவர்களின் பாலங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் ஸ்கேலைக் கீழே வைத்தான். ஈரச் சுருளைப் பிடித்த பிறகுதான் அது எப்படி வழுக்குகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை நழுவியது. நால்வரும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தபோதுதான் நின்றது. கொஞ்ச நேரத்தில், இங்கே வைக்கட்டுமா, இன்னும் கீழேயா என்று அவனே மாதேஷைக் கேட்கத் தொடங்கினான்.

அவர்கள் பாலம்தான் அதிகச் செங்கல் தாங்கியது. நடந்ததையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்திருந்த ஆசிரியர், இனி ரஞ்சிதாதான் லீடர், அவளே கிருஷ்ணகிரிக்குப் போகட்டும் என்றார். அவள் மனம் துள்ளியது. பக்கத்தில் மாதேஷ் கிழிசல் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் எந்த லீடர் நாற்காலியை எதிர்த்தாளோ, அதில் இப்போது அவளையே உட்காரச் சொல்கிறார்கள்.

"நாலு பேரும் போறோம் சார். இல்லன்னா எனக்கு வேணாம்."

ஒருவருக்குத்தான் இடம், அடம் பிடித்தால் அடுத்த குழுவை அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் அதட்டினார்.  ஆனாலும் ரஞ்சிதா தலை குனியவில்லை. அவர் பிரதாப் பக்கம் திரும்பி, நீ போகிறாயா என்று கேட்டார்.

பிரதாப் நிமிர்ந்து நின்றான்.

"இல்ல சார். நாலு பேர் சேந்து செஞ்ச வேலைக்கு ஒருத்தன் மட்டும் பேர் வாங்கினா, அது திருட்டு."